பதில் கிட்டார்

பல் செட் செய்கிற தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. நன்றாகச் செய்தால் அது பல் செட் என்று யாருக்கும் தெரியாது. மோசமாகச் செய்தால் வாயைத் திறந்ததும் தெருவுக்கே தெரியும். பல்லுக்காரர் என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த மனிதர் நன்றாகச் செய்கிறவர். அதனால் அவரை யாருக்கும் தெரியாது. டாக்டர்மார் நோயாளி வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் ஒரு கட்டடத்தின் பின்பக்க அறையில், பாரிஸ் சாந்துத் தூசிக்கும் உருகிய மெழுகு வாடைக்கும் நடுவே உட்கார்ந்து, முகம் பார்த்தறியாதவர்களின் பல்லை உண்டாக்குவார்.

ஆரம்ப காலத்தில் ஒரு பெரியவருக்கு வரிசை பிசகாமல், முத்து கோத்த மாதிரி ஒரு செட் செய்து கொடுத்தார். மறு வாரமே அது திரும்பி வந்துவிட்டது. பெரியவருக்கு முன்பல் ஒன்று கொஞ்சம் சாய்ந்து பக்கத்துப் பல்மேல் ஏறியிருக்குமாம். அது இல்லாமல் பேரப்பிள்ளைகள் கிட்டவே வரவில்லையாம். அன்றிலிருந்து பல்லுக்காரர் கோணலையும் சேர்த்தே செய்வார். சாய்வு, இடுக்கு, ஓரத்தில் தேய்ந்த தேய்ப்பு, ஒன்றையும் விடமாட்டார். குறையை விட்டுவிட்டு நகல் எடுத்தால் அது வேறு ஆள் என்பார். தொழிலுக்கு அது நல்ல புத்திதான். தொழிலோடு நிறுத்தியிருக்கலாம்.

அவருடைய மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம், எது ரத்து, எல்லாம் அவள் வாயால்தான் ஊருக்குத் தெரியும். வீட்டில் அந்த வாய்க்கு அவ்வளவு வேலை இருக்கவில்லை. சிலிண்டர் தீர்ந்துவிட்டது, சாவி ஆணியில் இருக்கிறது, மகள் போன் பண்ணினாள். கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்ட அந்த ஒரே மகள் தினமும் போன் பண்ணாவிட்டால் மூன்றாவது வாக்கியமும் இருந்திருக்காது. சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது. சண்டை போடுகிற வீட்டிலாவது சத்தம் இருக்கும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேறு கதை. மனைவியின் தம்பிக்குச் சொந்தமான பெயின்ட் கடையின் பின்பக்க கிடங்கில், டின்களை ஓரமாகத் தள்ளி இடம் பண்ணிக்கொண்டு, நாலு பேர் ப்ளூஸ் என்கிற மேல்நாட்டுச் சோகப் பாட்டு வாசிப்பார்கள். மச்சான் டிரம்ஸ். பேஸ் கிட்டாருக்கு ஒரு மனிதர் வருவார். வந்து வாசித்துவிட்டுப் போவார், பேசி யாரும் கேட்டதில்லை, அதனால் அவர் பெயரே மௌனி. மனைவி பாட்டு. பல்லுக்காரர் எலக்ட்ரிக் கிட்டார். கல்யாண வரவேற்பு, கம்பெனி ஆண்டு விழா என்று அவ்வப்போது மேடையும் கிடைக்கும்.

ப்ளூஸ் ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. பாடுகிறவர் ஒரு வரி பாடி, கொஞ்சம் இடம் விடுவார். அந்த இடத்தில் கிட்டார் பதில் சொல்லும். அதே வரியை இன்னொரு முறை பாடுவார், கிட்டார் இன்னொரு பதில் சொல்லும். மூன்றாவது வரியில் விஷயத்தை முடிப்பார், கடைசி பதிலோடு ஒரு சுற்று தீரும். அவ்வளவுதான். மனைவி மைக் முன்னால் நின்றதும் கண்ணை மூடிக்கொள்வாள். ஸ்டேஷனிலும் அப்படித்தானாம், கண்ணைத் திறந்தால் வண்டி நம்பர் மறந்துவிடும் என்பாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரி பாடுவாள், பல்லுக்காரர் பதில் சொல்வார்.

கடைசிச் சுற்றுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் சொந்தச் சுற்று. அதில் எழுதி வைத்த வரிகள் கிடையாது. பதில் வாசிக்கிறவரை மனசில் வைத்து, வாய்க்கு வந்ததைக் கட்டிப் பாட வேண்டும். "பாலை அடுப்புல வச்சுட்டு கிட்டாரைத் தூக்கினார் ஒருத்தர்" என்று ஒருமுறை அவள் பாட, கல்யாண மண்டபமே சிரித்தது. அவரும் கம்பியை இழுத்து ஒரு அசட்டுப் பதில் சொன்னார். வீட்டில் சொல்லாத பேச்செல்லாம் அந்தச் சுற்றில் வந்துவிடும். அதைத்தான் பல்லுக்காரர் தன் இல்லறம் என்று நம்பிக்கொண்டிருந்தார். நம்பினார் என்ன, வாரம் முழுக்க அதற்காகத்தான் உயிரோடு இருந்தார்.

அப்போதுதான் ஸ்டேஷன் லிஃப்ட் பழுதானது.

பழுதுபார்க்க வந்தவன் கிட்டார் வாசிப்பான் என்பதை அவன் இடதுகை விரல் நுனிகளைப் பார்த்தே மனைவி கண்டுபிடித்துவிட்டாளாம். அவளே அழைத்து வந்தாள். "இவரு கொஞ்சம் வாசிப்பாரு. சும்மா கேட்டுப் பாப்போம்" என்றாள். லிஃப்ட்காரனுக்கு நாற்பது வயதிருக்கும். எண்ணெய்க் கறை போகாத கை, எதற்கும் அவசரப்படாத சுபாவம். "வணக்கம்ண்ணே" என்று பல்லுக்காரரிடம் இரண்டு கையையும் நீட்டினான். வலதுகையால் வணக்கம் வாங்கிக்கொண்டு இடதுகையால் குழியை இவரே வெட்டினார் என்று பின்னால் ஊர் பேச வழியில்லை. ஏனென்றால் இந்த விஷயம் ஊருக்குத் தெரியவே தெரியாது.

அவன் வாசித்தான். பல்லுக்காரர் வாசிப்பது நேர் கார்டு, ஒரே அடியில் ஒலிக்கிற சுரக் கட்டு. ஆறு கம்பியும் சேர்ந்து, வரிசையில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி "ஆஜர்" சொல்லும். இவனோ நாலு கம்பிக்கு மேல் தொடவில்லை. கார்டின் அடிச் சுரத்தை வாசிக்கவேயில்லை, அது மௌனியின் வேலை என்று விட்டுவிட்டான். ஏழைத் தாண்டி மேலே ஒன்பதாம் சுரத்தைச் சேர்த்துப் பிடித்து, கிட்டார்க் கழுத்தில் ஒரு கட்டம் தள்ளிப் போய் அங்கிருந்து வழுக்கி வந்து உட்கார்ந்தான். சுண்டுவிரலால் இன்னும் மேலே ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு உடனே எடுத்துக்கொண்டான். ஜாஸ்காரர்கள் பிடிக்கிற பிடி, ப்ளூஸுக்குள் வந்து காலை நீட்டிக்கொண்டது. அதைப் பதில் என்றே சொல்ல முடியாது. "அப்படியா சங்கதி?" என்று புருவத்தைத் தூக்குகிற மாதிரி இருந்தது.

மனைவி அடுத்த வரியைப் பாட மறந்துபோனாள். மச்சான் தாளத்தை நிறுத்தினான்.

"அக்கா, உன் வரி."

"தெரியும்டா. கேட்டுட்டு இருந்தேன்" என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. முதலில் ஒரு பாட்டில் அவன் பதில் வாசித்தான். பிறகு இரண்டில். பிறகு மச்சான் பெயின்ட் டின்மேல் உட்கார்ந்து, தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. பதிலெல்லாம் அவரு போடட்டும். நீங்க கீழ தாளத்துக்கு சும்மா வெட்டிக்கிட்டு வாங்க. அதுக்கும் ஆள் வேணும்ல?"

"உங்கக்கா சொன்னாளா?"

"அக்கா ஒண்ணும் சொல்லல." மச்சானுக்குப் பொய் சொல்ல வராது. காது சிவந்துவிடும்.

வீட்டுக்கு வந்து அவளையே கேட்டார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமா நீங்க ஒரே பதிலைத்தாங்க சொல்றீங்க" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். "நான் என்ன பாடினாலும் அதே. அழுதாலும் அதே, சிரிச்சாலும் அதே. நான் பாடி முடிக்கிறதுக்குள்ள வேற வந்துடுவீங்க."

அரைத்த மாவையே அரைக்கிறவர் என்கிறாள். அவர் கெட்டிக்காரத்தனமாக ஒன்றை நினைத்துக்கொண்டார். குறை வாசிப்பில்தானே, கற்றுக்கொண்டால் போயிற்று. மனைவி சொன்னதில் பாதி வாசிப்பைப் பற்றியது, பாதி அப்படி இல்லை என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. அவர் ஒரே முடிவாக இருந்தார்: அந்தப் பதில்கள் தன்னிடம் திரும்பி வரவேண்டும். மேடையில் அவள் பாடி நிறுத்துகிற அந்த இடத்தில் தான்தான் இருக்கவேண்டும்.

கற்றுக்கொள்ள யாரிடம் போவது? இணையத்தில் வீடியோ ஆயிரம் கிடக்கிறது. இவர் நேராக லிஃப்ட்காரனிடமே போனார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர் அதற்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்.

லிஃப்ட்காரன் பராமரிக்கிற அடுக்குமாடி ஒன்று பல்லுக்காரரின் பட்டறைக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. மொட்டைமாடிக்கு மேலே இரும்பு ஏணி, அதற்கும் மேலே மோட்டார் அறை. "அனுமதி இல்லை" என்ற பலகைக்குப் பின்னால் ஒலி பெருக்க ஒரு சின்ன ஆம்ப், ஒரு கிட்டார், இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். நடுவில் பெரிய சக்கரமும் கிரீஸ் மினுங்கும் எஃகு வடமும். கீழே யாராவது பொத்தானை அமுக்கினால் சக்கரம் உறுமிச் சுற்றும். அது நிற்கும்வரை பாடம் நிற்கும்.

"அண்ணிக்கு... உங்க வீட்டுல தெரியுமாண்ணே?" என்றான் முதல் நாள். நாக்கு ஏனோ பாதியில் தடம் மாறியது.

"தெரிய வேணாம். திடீர்னு வாசிச்சுக் காட்டணும்."

"சரிண்ணே" என்றான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. கிரீஸ் துடைக்கிற துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, ஆரம்பித்தான்.

ஒன்று சொல்லியாக வேண்டும், அவன் நல்ல வாத்தியார். ஒளித்து மறைத்துக் கற்றுக்கொடுக்கிற ரகம் இல்லை. "எல்லாக் கம்பியையும் அடிக்காதீங்கண்ணே. நடுவுல மூணு போதும். அடிச் சுரம் கார்டோட பேரு மட்டும்தான், பேரை பேஸ் சொல்லிக்கும்" என்பான். கழுத்துப்பக்கத்து பிக்கப்பை, கம்பி ஓசையை வாங்குகிற காந்தக் கட்டையை, போட்டு கூர்மையைக் குறைக்கச் சொன்னான். ஒன்பதாம் கார்டை இரண்டு கட்டம் மேலே தள்ளித் திரும்ப இறக்குவது எப்படி, அதில் சுண்டுவிரலைச் சேர்த்துப் பதின்மூன்றாம் கார்டாக்குவது எப்படி, ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நடுவில் மனசைக் கலக்குகிற ஒரு குறைக் கார்டை எப்படி இரண்டு தட்டில் தாண்டுவது, எல்லாம் விரல் விரலாகக் காட்டினான். பல்லுக்காரரின் விரல்கள் மெழுகில் பல் நட்டுப் பழகியவை. எதையும் ஒரு மயிரிழை பிசகாமல் வைக்கும்.

விரல்கள் சீக்கிரம் பிடித்துக்கொண்டன. நேரம்தான் பிடிபடவில்லை.

"சீக்கிரம் வர்றீங்கண்ணே. காத்திருங்க."

"வரி முடிஞ்சுடுச்சேப்பா."

"முடிஞ்ச மாதிரி இருக்கும். அவங்க கடைசி எழுத்தை விட்டப்புறம் மூக்கால ஒரு சின்ன மூச்சு எடுப்பாங்க. அது வந்தப்புறம்தான் உண்மையிலேயே முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதுக்குள்ள வாசிச்சா, அவங்களைப் பேச விடாம வாயை அடைக்கிற மாதிரி."

மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு பல்லுக்காரர் அவனையே பார்த்தார். அந்த மூச்சைப் பற்றி அவருக்குத் தெரியாது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே படுத்து எழுந்தவருக்குத் தெரியாதது, லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. நல்ல காது உள்ளவன், கவனித்திருக்கிறான் என்று எண்ணிக்கொண்டார். மனுஷனுக்குத் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதில் இருக்கிற சாமர்த்தியம் வேறு எதிலும் கிடையாது.

பாடத்தை போனில் பதிவு பண்ணுவார். பட்டறையில் பாரிஸ் சாந்து இறுகக் காத்திருக்கும் நேரமெல்லாம் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஆம்பில் செருகாமல் வாசிப்பார். அங்கேதான் பழைய தொழில்புத்தி தலையை நீட்டியது. லிஃப்ட்காரனின் மோதிரவிரல் ஒருகாலத்தில் கதவில் நசுங்கியது. அதனால் வழுக்கி வந்து உட்காரும்போது அந்தச் சுரம் மட்டும் இம்மி தாமதமாக, கம்பியில் ஒரு சின்னக் கீச்சோடு வந்து சேரும். பல்லுக்காரர் அந்தக் கீச்சையும் பிடித்தார்.

"அண்ணே, அது என் விரல்ல இருக்கிற பழுது. நீங்க சுத்தமா புடிங்க" என்று அவனே சொல்லிச் சிரித்தான்.

"இருக்கட்டும்ப்பா. அதுவும் சேர்ந்தாத்தான் இது" என்றார்.

ஒருநாள் இவர் ஏணி ஏறி வரும்போது அவன் தனியாக வாசித்துக்கொண்டிருந்தான். அந்த வாசிப்பு உச்சியில் பதின்மூன்றாம் கார்டில் ஆரம்பித்து, மும்மூன்று சுரமாக ஒவ்வொரு கட்டமாக இறங்கி, இறங்கி, சேரவேண்டிய இடத்துக்கு ஒரு படி முன்னாலேயே நின்றுவிட்டது. மிச்சத்தை நீ சொல் என்பது மாதிரி. பல்லுக்காரர் ஏணியிலேயே நின்று போனை நீட்டிப் பதிவு பண்ணிக்கொண்டார்.

"பிரமாதமா இருக்கே! இதைச் சொல்லித் தரவே இல்லையே?"

அவன் கிட்டாரைச் சட்டென்று கீழே வைத்தான். "அது சும்மாண்ணே. மேடையில வாசிக்கிறது இல்ல. அது பாடத்துல வராது." அன்றைக்குப் பாடம் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஏழாவது மாடியில் கதவு ஒன்று சிக்கிக்கொண்டதாம்.

சொல்லித் தராவிட்டால் என்ன, பதிவு இருக்கிறதே. கோணல் பல்லைச் செதுக்குகிற மாதிரி ஒரு மாதம் அதையே செதுக்கினார்.

இதற்கிடையில் சொந்தச் சுற்று நின்றுபோயிருந்தது. "வேணாம்டா, எழுதினதையே பாடி முடிச்சுக்கறேன்" என்று மனைவி தம்பியிடம் சொல்லிவிட்டாள். அவளுக்கு அலுப்பு என்று பல்லுக்காரர் நினைத்தார். தன்னோடு பாடாததை அவனோடும் பாடவில்லை என்பதில் அவருக்கு ரகசியமாகக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

பல் மருத்துவர் சங்கத்தின் வருடாந்திர மதிய விருந்துக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். பல்லுக்காரரின் மூலமாக வந்த வாய்ப்பு அது. ஹோட்டல் ஒன்றின் முதல் மாடி அரங்கம். ஜன்னல் திரையெல்லாம் விலக்கி வெயில் உள்ளே வந்தது. வட்ட மேஜைகளைச் சுற்றி டாக்டர்மார் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தார்கள். மேடை சின்னது. மனைவி நடுவில், பல்லுக்காரர் அவளுக்கு வலப்பக்கம், லிஃப்ட்காரன் இடப்பக்கம். அரங்கத்துச் சவுண்டுக்காரன் சோம்பேறி. இரண்டு கிட்டாரையும் ஒரே ஸ்பீக்கரில் விட்டு, அதை மனைவியின் காலடியில் அவளைப் பார்த்து வைத்துவிட்டான். எந்த வாசிப்பு யாருடையது என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

மெதுவான பாட்டு ஒன்று எடுத்தார்கள். வராத வண்டியைப் பற்றி மனைவியே எழுதியது. முதல் சுற்றில் லிஃப்ட்காரன் பதில் வாசித்தான், பல்லுக்காரர் கீழே தாளத்துக்கு வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது சுற்று ஆரம்பிக்கும்போது அவன் கிட்டாரில் கம்பி ஒன்று பட்டென்று அறுந்தது. வழக்கப்படி பாட்டு நிற்காது. அவன் டிரம்ஸுக்குப் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, பையில் புதுக் கம்பியைத் தேடினான். மச்சான் தாளக்குச்சியால் பல்லுக்காரரைக் காட்டினான்: நீங்க எடுங்க மாமா.

மனைவி கண்ணை மூடியிருந்தாள்.

அவள் வரியைப் பாடி இடம் விட்டாள். பல்லுக்காரர் காத்திருந்தார். அந்தச் சின்ன மூச்சு மைக்கில் வந்தது. ஆமாம், இருக்கத்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு கட்டம் மேலே போய் வழுக்கி, கீச்சோடு, இம்மி தாமதமாக, ஒன்பதாம் கார்டில் வந்து உட்கார்ந்தார். அவள் உதட்டோரம் அசைந்தது. இரண்டாவது பதிலுக்கு அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பல்லுக்காரருக்குக் கண்ணில் நீர் முட்டியது. சத்தியமாகச் சொல்லலாம், மனுஷன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. வந்துவிட்டேன், திரும்பி வந்துவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கடைசிப் பதிலுக்கு, வைத்திருந்த பொக்கிஷத்தை எடுத்தார். உச்சியிலிருந்து மும்மூன்று சுரமாகக் கட்டம் கட்டமாக இறங்கி, சேரவேண்டிய இடத்துக்கு ஒரு படி முன்னால் நிறுத்தினார்.

அவள் கண்ணைத் திறக்காமலேயே சிரித்தாள். அது மேடைச் சிரிப்பு இல்லை. கதவைச் சாத்திக்கொண்ட அறைக்குள் சிரிக்கிற சிரிப்பு. பிறகு எழுதி வைத்த வரியை விட்டுவிட்டு, யாரும் கேட்காமலே சொந்தச் சுற்றுக்குப் போய்விட்டாள்.

"கதவு மூடப் போகுது, இன்னும் ஒரு மாடி ஏறிக்கறேன்..."

மச்சான் மகிழ்ந்துபோய் தாளத்தைத் தூக்கினான். பல்லுக்காரருக்கு ஒரு வினாடி ஒன்றும் புரியவில்லை. மாடியா? எந்த மாடி? அவர்கள் குடியிருப்பது தரைத்தளம். புரிவதற்குள் பதில் சொல்லவேண்டிய இடம் வந்துவிட்டது. விரல்கள் பழகியதை வாசித்தன.

ப்ளூஸில் முதல் வரியை இரண்டு தடவை பாடவேண்டும் என்று எந்தப் புண்ணியவான் விதித்தானோ, அவள் இரண்டாவது தடவை இன்னும் இழைந்து பாடினாள்.

"கதவு மூடப் போகுது, இன்னும் ஒரு மாடி ஏறிக்கறேன்..."

இப்போது எல்லாம் புரிந்தது. மேடையில் வாசிப்பதில்லை என்று அவன் சொன்ன அந்த இறக்கம் யாருக்காக வாசிக்கப்பட்டது என்பதும், அந்தச் சின்ன மூச்சை எவ்வளவு பக்கத்திலிருந்து கேட்டால் தெரியும் என்பதும், சொந்தச் சுற்று ஏன் நின்றது என்பதும் புரிந்தன. வாய்க்கு வாய் "அண்ணே" என்கிறவன், முதல் நாள் நாக்கு தடுக்கியதற்குப் பிறகு ஒரு தடவைகூட "அண்ணி" என்று சொன்னதில்லை என்பதும் புரிந்தது. அடுத்த பதிலுக்கு இடம் வந்து நின்றது. தன் பழைய நேர் கார்டை அடித்தால் போதும், அந்தக் கணமே அவளுக்குத் தெரிந்துவிடும். அடிக்கத்தான் நினைத்தார். ஆனால் அவள் முகம் அவ்வளவு அழகாக இருந்தது. அந்த முகத்தை அவருக்குக் கலைக்க மனம் வரவில்லை. அவன் கீச்சோடு, அவன் தாமதத்தோடு, அவனாகவே வாசித்தார்.

"இறங்குற இடம் தெரியும், இறங்கத்தான் மனசு வரல..."

கடைசிப் பதிலையும் வாசித்துக் கொடுத்தார். தன் பெண்டாட்டியின் காதலுக்குத் தானே பக்கவாத்தியம் வாசித்த புருஷன் உலகத்தில் வேறு எவனாவது இருக்கிறானா, தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. அவள் சிரித்த முகத்தோடு கண்ணைத் திறந்து இடப்பக்கம் திரும்பினாள். அங்கே யாரும் இல்லை. டிரம்ஸுக்குப் பின்னால் லிஃப்ட்காரன் குந்தியிருந்தான், மடியில் கிட்டார், கையில் கம்பி, முகத்தில் ரத்தமே இல்லை. அவள் மெதுவாக வலப்பக்கம் திரும்பினாள்.

பல்லுக்காரர் பல்லைக் காட்டினார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிப் போவதை முழுசாகப் பார்த்தார். டாக்டர்மார் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

"மாமா! பின்னிட்டீங்க மாமா!" மச்சான் ஓடிவந்து தோளைப் பிடித்துக் குலுக்கினான். "எங்க வச்சிருந்தீங்க இதையெல்லாம்? நான் சொல்லிட்டேன், இனிமே பதிலெல்லாம் நீங்கதான். அவரு தாளம் பாத்துக்கட்டும். என்னண்ணே?"

"ஆமா, ஆமா. அண்ணன்தான் வாசிக்கணும்" என்றான் லிஃப்ட்காரன், தரையைப் பார்த்துக்கொண்டு. மாட்டி முடித்த கம்பியையே மறுபடி மறுபடி முறுக்கிக்கொண்டிருந்தான். மௌனி பல்லுக்காரரிடம் வந்து, வாயைத் திறந்து, "நல்லா இருந்துச்சு" என்றார். அவர் பேசினார் என்றுகூட அன்றைக்கு யாரும் ஆச்சரியப்படவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது பல்லுக்காரர் கார் ஓட்டினார். பட்டப்பகல், ஞாயிற்றுக்கிழமை, தெருவில் கூட்டமே இல்லை. பின் சீட்டில் கிட்டார் படுத்திருந்தது. பக்கத்தில் மனைவி கைப்பையை மடியில் வைத்து அதன் வாரைச் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

"அவன்கிட்டயேதான்."

வார் நின்றது. "அவரு என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நான்தான் சொல்லாதேன்னேன். அந்தக் கடைசியில வாசிச்சது மட்டும் அவன் சொல்லித் தரல. நானா திருடினது." சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினார். "அது யாருக்கு வாசிக்கிறதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டேன்."

அவள் வாரை மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். மறுக்கவில்லை. குறுக்கே ஒரு குடும்பம் ஐஸ்கிரீமோடு சாலையைக் கடந்தது. பல்லுக்காரருக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. வண்டியை அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போய்விடலாமா என்றும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான், அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டார்.

"பிடிச்சுதா?"

"ம்."

"நான்னு தெரியாத வரைக்கும்."

இல்லைங்க என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவரும் அதை நம்பத் தயாராகத்தான் இருந்தார்.

"ஆமாங்க" என்றாள். அவர் என்ன கேட்டாலும் கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்கிறவள், இதற்கு மட்டும் யோசிக்கவேயில்லை.